ஃபிரிட்ஜ் கதவில் ஏழு இலக்குகள்

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எழுதியிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் கண்ணில் பட்டால் பொறுத்தருள்க.

வித்துராவுக்கு நாங்கள் குடிவந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. பொன்முடிக்கு ஏறும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய வாடகை வீடு. மருதாமலையில் இருக்கும் ஐசர் வளாகத்தில் நான் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். கணவர் நெடுமங்காட்டில் பணிபுரிகிறார். மகளுக்கு எட்டு வயது. தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் அம்மா வந்து எங்களோடு இருக்கிறார். அவர் வந்ததால்தான் என்னால் ஆய்வகத்தில் இரவு எட்டு மணி வரை நிற்க முடிகிறது. இந்த ஒரு வாக்கியத்தின் முழுப் பொருளையும் நான் விளங்கிக்கொள்ள ஐந்தாண்டுகள் ஆயின. இந்தப் பதிவே ஏறக்குறைய அதைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு ஓர் உடற்பரிசோதனையில் என் எச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். அம்மாவுக்குப் பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. எனக்கு முப்பத்து நான்கு வயது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் பார்த்தது மகளைத்தான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இன்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. நாடு முழுவதற்குமான விகிதம் 11.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. நான் பிறந்த தமிழ்நாடும் நாட்டின் சராசரிக்கு மேலேதான் நிற்கிறது. எல்லையின் எந்தப் பக்கம் நின்றாலும் தப்பிக்க இடமில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எந்தச் சிக்கலைக் கண்டாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவோம். அன்றிரவே ஒரு வெள்ளைத்தாளில் ‘நம் குடும்பத்தின் உணவு இலக்குகள்’ என்று தலைப்பிட்டு ஏழு இலக்குகளை எழுதினேன். வெள்ளை அரிசி இனி வீட்டுக்குள் வரக்கூடாது. நாள்தோறும் ஒரு வேளை சிறுதானியம். நாள்தோறும் கீரை. உறையில் அடைத்த தின்பண்டம் அறவே இல்லை. பேக்கரிக்குப் போவதில்லை. மாவு வீட்டிலேயே அரைக்கப்பட வேண்டும். இரவு ஏழரைக்குள் உணவு முடிய வேண்டும். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, பெரிய காரியத்தைச் செய்து முடித்த நிறைவோடு உறங்கப் போனேன்.

மூன்று வாரங்கள் கழித்து அந்தத் தாள் அதே இடத்தில்தான் இருந்தது, திருப்பி ஒட்டப்பட்ட நிலையில். பின்பக்கத்தில் அம்மா பால் கணக்கு எழுதியிருந்தார்.

எனக்குச் சினம் வந்தது. அதை மறைக்கவில்லை. ‘உங்களுக்காகவும் சேர்த்துத்தானே அம்மா எழுதினேன்’ என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: “மக்களே, அந்தத் தாள்ல ஏழு வேலை இருக்கு. அதுல உனக்க வேலை எது?”

என்னிடம் பதில் இல்லை. கீரை ஆய்வது, மாவு அரைப்பது, சிறுதானியத்தைக் கல் நீக்கி ஊறவைப்பது, ஏழரைக்குள் சமைத்து முடிப்பது எல்லாமே அம்மாவின் வேலைகள். எனக்கென்று அதில் இருந்தது உண்பது மட்டும்தான். இலக்கு என் பெயரில், உழைப்பு அவர் பெயரில். ஆட்டுக்கல்லில் நாற்பதாண்டு மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்த ஒரு பெண்ணிடம், ‘மரபுக்குத் திரும்புவோம்’ என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது பாடம் அடுத்த ஞாயிறன்று கிடைத்தது. என் பங்கை நிரூபிக்க நானே விடியற்காலையில் எழுந்து கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினேன். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தானியம், 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களுக்கான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே பரிமாறினேன். அம்மா மறுக்காமல் இரண்டு கோப்பை குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தபோது சர்க்கரை வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. வேதியியல் படித்தவள் நான் இதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மாவை நைசாக அரைத்து, நீர் சேர்த்து நெடுநேரம் காய்ச்சும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன; செரிமான நொதிகள் அவற்றை விரைவாக உடைக்கின்றன. தானியத்தின் பெயர் மட்டும் உடலைக் காப்பதில்லை. அது முழுதாக இருக்கிறதா, மாவாக இருக்கிறதா, எதனுடன் எவ்வளவு உண்ணப்படுகிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

அன்று மாலை, அப்படியானால் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்போடு உண்ணலாமே, அதுதானே நம் ஊர் உணவு என்றேன். கேரளத்தின் பிற பகுதிகளில் கப்பை என்று சொல்லப்படும் கிழங்குக்குத் திருவனந்தபுரத்திலும் எங்கள் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி என்றே பெயர். மாநிலம் பிரிந்தாலும் சொல் பிரியவில்லை. அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நீ பாரம்பரியம்ணு சொல்லுத. எங்களுக்கு அது வேற வழி இல்லாத சாப்பாடு.”

அம்மா பிறந்தது 1958இல். அவருக்கு ஏழெட்டு வயதாக இருந்த 1965, 1966 ஆண்டுகள் நாடு முழுவதும் வறட்சியும் அரிசித் தட்டுப்பாடும் நிலவிய காலம். வீட்டில் நாளுக்கு ஒரு வேளைதான் சோறு. அந்தச் சோறும் வேலைக்குப் போய் வந்த தாத்தாவுக்கும் பள்ளிக்குப் போன மாமன்மாருக்கும் முதலில். பெண்பிள்ளைகளுக்கு அவித்த மரச்சீனி. மழைக்காலத்தில் வெயிலில் உலர்த்திச் சேமித்த மரச்சீனி. மீன் கிடைத்த நாளில் நடுத்துண்டு ஆண்களுக்கு, குழம்பு பெண்களுக்கு. வெள்ளைச் சோறு அம்மாவுக்கு வெறும் மாவுச்சத்து அன்று. தனக்கும் தட்டில் இடம் உண்டு என்பதற்கான சான்று. ‘வெள்ளை அரிசி இனி வீட்டுக்குள் வரக்கூடாது’ என்று நான் தாளில் எழுதியபோது, எதை வெளியே நிறுத்துகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் ‘மரபு உணவு’ என்ற சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். மரச்சீனி நம் மண்ணின் பயிரே அன்று; தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா அதைப் பரப்ப முனைந்தவராக அறியப்படுகிறார். இரண்டாம் உலகப்போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழைகளின் வயிற்றைப் பெரிதும் தாங்கியது இந்தக் கிழங்குதான். 1963இல் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்டதன் பின்னே இந்த வரலாறு இருக்கிறது. நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுடைய ஒரு பழக்கத்தைத்தான் நான் தொன்மை என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

மரபென்றாலே நலம் என்ற நம்பிக்கைக்கும் நம் நாட்டிலேயே ஒரு பழைய மறுப்பு உண்டு. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரு பகுதியாக, பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத்தான் பிறந்தது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன் 1920களில் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட வங்காளத்து உணவும் சென்னை மாகாணத்து உணவும் கடைசியில் நின்றன. எலியின் வளர்ச்சியை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பதில் பல குறைகள் உண்டு; அந்தக் காலத்தின் இனம் பற்றிய பார்வையும் அதில் கலந்திருந்தது. ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. சோற்றை மலைபோல் குவித்து, பருப்பையும் காயையும் பாலையும் பெயருக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் மரபுதான். அது வறுமையின் மரபு.

அதே மரபுக்குள் அறிவும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி மணியின் உட்பகுதிக்குச் செல்கிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. புழுங்கலரிசி உண்டோரிடம் பெரிபெரி குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம். மரச்சீனியில் சயனைடை வெளிவிடும் லினமாரின் என்ற பொருள் உண்டு. அதனால்தான் எங்கள் வீடுகளில் அதைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து நீரை வடிக்கிறார்கள். மிஞ்சும் சிறிதளவை நஞ்சற்றதாக மாற்ற உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. புரதம் மிகக் குறைந்த அந்தக் கிழங்கில் அவை போதிய அளவில் இல்லை, மீனில் உண்டு. மரச்சீனியும் மீனும் சேர்ந்தது நாவுக்காக மட்டும் இல்லை போலும். ஆனால் நடுத்துண்டு கிடைக்காத பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சேர்க்கை பாதிதான் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் சிக்கல் எதை உண்பது என்பதில் மட்டும் இல்லை. யார் முடிவெடுப்பது என்பதிலும் இருந்தது. இந்த இடத்தில் உளவியல் துறை நண்பர் ஒருவர் எனக்குக் குர்ட் லெவினை அறிமுகப்படுத்தினார்.

நாஜிகளின் ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர் லெவின். இரண்டாம் உலகப்போரின்போது நல்ல இறைச்சி படைவீரர்களுக்குப் போக, இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியை இல்லத்தரசிகள் சமைக்கும்படி செய்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அயோவாவில் அவர் ஓர் ஆய்வு செய்தார். சில குழுப் பெண்களுக்குச் சுவையான விரிவுரை: ஊட்டச்சத்து, நாட்டுப்பற்று, செய்முறைக் குறிப்பு எல்லாம் உண்டு. வேறு சில குழுக்களில் விரிவுரைக்கு மாறாக உரையாடல்: இதைச் சமைப்பதில் நமக்குள்ள இடையூறு என்ன, வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அவர்களே பேசி, முடிவில் கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். பின்னர் விசாரித்தபோது, விரிவுரை கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர் புதிதாக ஒன்றைச் சமைத்திருந்தார்கள். கூடி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர். 1943இல் வெளியான இந்த முடிவுகளில் லெவின் இன்னொன்றையும் குறிப்பிட்டார். உணவு மேசைக்கு வரும் வாய்க்கால்களில் ஒரு வாயிற்காவலர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண். அவர் திறக்காமல் எதுவும் உள்ளே வராது.

எங்கள் வாயிற்காவலரிடம் நான் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். 3 விழுக்காடுகூடக் கிடைக்காததில் வியப்பென்ன?

அடுத்த சனிக்கிழமை நால்வரும் உட்கார்ந்தோம். இரண்டு விதிகள் மட்டும் வைத்துக்கொண்டோம். ஒன்று, எவரும் தமக்குத்தான் இலக்கு வைக்கலாம், பிறருக்கு வைக்கக்கூடாது. இரண்டு, ஓர் இலக்கால் வேலை கூடினால் அந்த வேலை யாருடையது என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘இனி நன்றாகச் சாப்பிடுவோம்’ போன்ற பொது உறுதிமொழி கூடாது. எந்த நாள், எந்த வேளை, எது என்று சொல்ல வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியதும் இதைத்தான்: ‘இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டிக் கட்டிவைத்த எளிய திட்டம், வெறும் விருப்பத்தைவிடச் செயலாக மாறும் வாய்ப்பு மிகுதி.

முதலில் பேசியவர் அம்மா. மதியச் சோற்றை விடமாட்டேன், ஆனால் அளவைக் குறைத்து அந்த இடத்தில் பயறும் தோரனும் வைத்துக்கொள்கிறேன் என்றார். அரிசி சிவப்புப் புழுங்கலாக இருக்கலாம், அது தன் அம்மா வீட்டு அரிசிதான் என்றார். மாலைத் தேநீருக்கு பிஸ்கட் வேண்டாம், ஆனால் சுண்டல் யாராவது செய்து தர வேண்டும் என்று என்னைப் பார்த்தார். சுண்டல் என் வேலையாயிற்று. கணவர் வாரம் மூன்று நாள் கீரை வாங்கி வந்து தாமே ஆய்ந்து தருவதாகவும், புதன், சனி மாலைகளில் மீனைக் கழுவி வெட்டுவதாகவும் ஏற்றார். அந்த இரு மாலைகளிலும் சோற்றுக்குப் பதிலாக அளவான கிழங்கு; சோற்றோடு சேர்த்து அன்று. மகள் சற்று யோசித்து, பேக்கரிப் பழம்பொரி வாரத்துக்கு ஒன்று, எந்த நாள் என்று தானே சொல்வதாக அறிவித்தாள். அறவே நிறுத்து என்று நான் எழுதியிருந்ததைவிட அது நல்ல இலக்கு. நான் மாவு அரைப்பதையும் இரவு ஏழரைக்குள் வீடு திரும்புவதையும் ஏற்றேன். இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் நாள் முழுவதற்குமான ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்கின்றன. அதை நாங்கள் கணக்கிடவில்லை. தட்டில் சோறு பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். எட்டு வயதுக் குழந்தையும் கண்ணால் அளக்கக்கூடிய அளவுகோல் அது.

ஆறு மாதங்கள் ஆயின. என்ன நடந்தது என்பதை ஆய்வாளருக்குரிய அடக்கத்தோடு சொல்கிறேன். என் அளவு 6.1இலிருந்து 5.8க்கு இறங்கியது. அம்மாவுடையது 8.6இலிருந்து 8.1. இதே காலத்தில் நான் நடக்கத் தொடங்கினேன். அம்மா மாத்திரையை நேரம் தவறாமல் உட்கொண்டார். கட்டுப்பாட்டுக் குழு இல்லை; மாதிரியின் அளவு இரண்டு. எனவே எதற்கு எது காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மருந்தைக் குறைக்கும் எண்ணமும் இல்லை; அது மருத்துவரின் வேலை.

தோல்விகளும் உண்டு. மழைக்காலத்தில் சந்தைக்குக் கீரை சரியாக வரவில்லை, கணவரும் சோர்ந்தார். ஏழரைக்கு வீடு திரும்பும் இலக்கில் வாரத்துக்கு இரண்டு நாள் தேறினால் பெரிது. ஆய்வுக்கட்டுரை திருத்தி அனுப்ப வேண்டிய வாரத்தில் மூன்று இரவுகள் பரோட்டா. ஆனால் தாள் திருப்பி ஒட்டப்படவில்லை. அவரவர் இலக்கு அவரவர் கையெழுத்தில் இருப்பதால் தவறினால் வெட்கம் வந்ததே தவிர, சினம் வரவில்லை.

எதிர்பாராத உதவி ஆடி மாதத்தில் வந்தது. இங்கே அது கர்க்கிடகம். பக்கத்து வீட்டுச் சேச்சி தம் தோட்டத்து ஓரத்தில் பறித்த தகரை, மூக்கிரட்டை, பூசணித் தளிர், சேம்பிலை எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். கர்க்கிடகத்தில் பத்து இலைகளைச் சேர்த்துத் தோரன் வைப்பது இங்குள்ள வழக்கம். சந்தையில் கீரை இல்லை என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்த மாதத்தில், வேலியோரம் முழுவதும் கீரையாக இருந்திருக்கிறது. அம்மாவும் சேச்சியும் திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும் பேசியபடி இலை ஆய்ந்தார்கள். சேம்பிலை அரிக்காமலிருக்க எப்படி வேகவைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அன்றைக்கு நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது, ஆய்வகத்தில் அந்த மாதம் எழுதியதைவிடக் கூடுதல்.

சக ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இத்தகைய இலக்குகளை வகுக்க நினைத்தால், பட்டியலை எழுதும் முன் அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் செய்யப்போகிறவர் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தாளைக் கிழித்துவிட்டு, அந்தப் பெயருக்குரியவரிடம் போய் உட்காருங்கள். அவர் சிறுவயதில் என்ன உண்டார், எதை உண்ணக் கிடைக்காமல் இருந்தார் என்று கேளுங்கள்.

நேற்று சனிக்கிழமை. கணவர் வெட்டிய அயிலையை அம்மா குழம்பு வைத்தார். மரச்சீனி தாமே வாங்கி வந்தது, யாரும் கேட்கவில்லை. நால்வரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். அம்மா பேத்தியின் தட்டில் ஒரு நடுத்துண்டு வைத்தார். பிறகு சட்டிக்குள் சற்றுத் தேடி, இன்னொரு நடுத்துண்டை எடுத்துத் தம் தட்டில் வைத்துக்கொண்டார்.